ஒருதரம் மட்டும் கேட்கும் ஊர்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மழைமானியில் பதினெட்டு மில்லிமீற்றர் நின்றது. அஞ்சலீனா குனிந்து பார்த்தாள். கையிலிருந்த துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பதினெட்டேதான். மழை இன்னும் முடிந்தபாடில்லை. மேற்கே வானம் ஈரச் சாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினெட்டு என்றால் மண்பாதையை மூடுவார்கள். பாதை மூடினால் சனிக்கிழமை குயின்ஸ்லாந்தில் இருந்து இடம் பார்க்க வருகிறவர்கள் வரமாட்டார்கள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணமே வெட்கமாகவும் இருந்தது. யாரோ ஒரு புருசனும் பெண்சாதியும் எங்கேயோ சாமான் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் குறுக்கே மழை பெய்ததற்கு இவள் ஏன் மகிழவேண்டும்? கேள்வி நியாயமானதுதான். மனம்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

வரைபடத்தில் வில்கா போர் ஒரு புள்ளி. நேரில் வந்து பார்த்தாலும் அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. சிட்னியில் இருந்து மேற்கே இரண்டு நாள் கார் ஓட்டி, தார் முடிந்து செம்மண் தொடங்கி, அதற்குப் பிறகும் மூன்று மணித்தியாலம் போனால் இரண்டு எரிபொருள் பம்புகள் தெரியும். பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான ரோட்ஹவுஸ், ஆறு அறைகள், ‘போர்’ என்ற பெயரைக் கொடுத்த ஆழ்கிணறு, அதன் தண்ணீர்த் தாங்கி. அவ்வளவுதான் ஊர். நிரந்தரமாக இருப்பவர்கள் ஏழு பேர். சுற்றிவர மாட்டுப் பண்ணைகள். ஒரு பண்ணையின் வாசலில் இருந்து அடுத்த பண்ணையின் வாசலுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர். அந்தப் பண்ணைகளுக்கு வருகிற கடிதப் பைகளும், உறையவைத்த பாணும், மாட்டு மருந்தும் இங்கேதான் இறங்கும். அந்த வழியால் போகிற யாராக இருந்தாலும் இங்கே நின்றாகவேண்டும், அடுத்த பம்ப் இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால். மாடு ஏற்றுகிற லொறிக்காரர், காரவன் இழுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றுகிற ஓய்வூதியக்காரர், வெயிலில் தோல் உரிந்த வெளிநாட்டுப் பெடியள். எல்லாருக்கும் சமைப்பது அஞ்சலீனா. எல்லாருடைய ரயருக்கும் ஒட்டுப் போடுவது அவளுடைய புருசன் றெஜினோல்ட்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர்கள் இங்கே வந்தது விசாவுக்காக. மன்னாரில் இருந்து படகில் வந்து, முகாமில் இருந்து, தற்காலிக விசா ஒன்று கிடைத்தது. பெரிய நகரங்களுக்கு வெளியே மூன்றரை வருடம் வேலை செய்தால் அடுத்த படிக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. “மூண்டரை வருசம்தானே அக்கா, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ. பிறகு எங்களோட வந்திடலாம்,” என்றாள் சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் தங்கை புஸ்பராணி. அஞ்சலீனா பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தாள். முதல் வருடம் முடிவதற்குள், தான் பல்லைக் கடிக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டாள்.

அதை யாரிடம் சொல்வது? நிரந்தர விசா கிடைத்து இரண்டு வருடமாகிறது. மகள் ஜெனோஜா படிப்புக்காகச் சித்தி வீட்டில் இருக்கிறாள். ஏன் இன்னும் அந்தக் காட்டில் கிடக்கிறீர்கள் என்று புஸ்பராணி ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். “அந்த மனிசிக்கு வேற ஆள் கிடைக்கேல்லை, விடுகிறா இல்லை,” என்பாள் அஞ்சலீனா. பொய். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. துன்பப்படுகிறவளுக்கு உறவினர் மத்தியில் ஒரு மரியாதை உண்டு. நடுப்பாலையில் நிம்மதியாக இருக்கிறவளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது.

நிம்மதிக்குக் காரணமும் அவளுக்குத் தெரியும். இங்கே யாரும் திடீரென்று வரமுடியாது. அரை மணித்தியாலத்துக்கு முன்பே தூரத்தில் தூசி எழும்பும். அதைப் பார்த்துவிட்டுக் கேத்திலைப் போட்டு, ரொட்டியைப் புரட்டி, கையைக் கழுவிக்கொண்டு நின்றால் போதும். கதவு தட்டப்படும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்ட காலம் ஒன்று அவளுக்கு இருந்தது. வில்கா போரில் அவளுடைய நெஞ்சு தன் பாட்டில் அடித்தது.

இந்த இடம்தான் கைமாறப் போகிறது.

ரோட்ஹவுஸின் சொந்தக்காரி டொரீனுக்கு எழுபத்தொரு வயது. புருசன் போய்ப் பன்னிரண்டு வருடம். இரண்டு முழங்காலும் சரியில்லை. கதைப்பது குறைவு, கதைத்தால் வெட்டொன்று துண்டிரண்டு. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அஞ்சலீனாவுக்கு இரண்டு வருடம் எடுத்தது, அதுவரை ‘மிஸிஸ்’ என்றே ஓட்டினாள். டொரீனின் ஆங்கிலம் இப்போதெல்லாம் அவள் காதில் ஆங்கிலமாக விழுவதில்லை. மன்னாரில் பக்கத்து வீட்டு மனிசி கதைப்பது போலவே விழுகிறது.

போன மே மாதம் இருவருமாகக் குசினியில் அடுப்புக்கு மேலே இருந்த புகைபோக்கியைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். டொரீன் தலை நிமிராமல் சொன்னாள்:

“நான் அடிலெய்டுக்குப் போகப்போறன், தங்கச்சியோட இருக்க. முழங்கால் இனிச் சரிவராது. இந்த இடத்தை ஆரும் குத்தகைக்கு எடுத்து நடத்தவேணும். நீயும் ரெஜ்ஜும் எடுக்கிறியளோ?”

அஞ்சலீனாவின் உள்ளே ஏதோ ஒன்று உடனே எழுந்து நின்றது. கதிரை விழுகிற வேகத்தில் எழுந்து நின்றது. ஆனால் வாய் தன் பழக்கப்படி, “ஐயோ, நாங்களோ? இல்லையில்லை, எங்களாலை ஏலாது,” என்றது.

“சரி,” என்றாள் டொரீன். பிசுக்கைத் தொடர்ந்து சுரண்டினாள்.

அஞ்சலீனா காத்திருந்தாள். பிறந்ததில் இருந்து அவள் பார்த்து வளர்ந்த ஒழுங்கு அது. தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டும். கேட்டவர் விடக்கூடாது, பாதிக் கோப்பையாவது என்று மறுபடி கேட்கவேண்டும். மூன்றாம் தரம் கேட்கும்போது, உங்களுக்காகத்தான் என்பது போல ஓம் சொல்லவேண்டும். முதல் தரமே ஓம் என்றால் ஆளைப் பேராசைக்காரி என்று நினைப்பார்கள். தேத்தண்ணிக்கே இப்படி என்றால் ஒரு முழு ரோட்ஹவுஸுக்கு?

அன்று பின்னேரம் டொரீன் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அஞ்சலீனா வேலை முடிந்த பிறகும் குசினியில் சும்மா நின்று பார்த்தாள். “குளிர் அறைக் கதவு இனி அஞ்சு வருசத்துக்கு நிக்கும்,” என்று அடி எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். டொரீன் மழையைப் பற்றிக் கதைத்தாள், மாட்டு விலையைப் பற்றிக் கதைத்தாள், வேறு ஒன்றையும் பற்றிக் கதைக்கவில்லை. ஜூன் வந்தது, ஜூலை வந்தது. அஞ்சலீனாவின் காத்திருப்பு மெல்ல மெல்லக் கோபமானது. ஒருதரம் கேட்பது உதட்டளவில் கேட்பது. கேட்கவேண்டுமே என்பதற்காகக் கேட்டுவிட்டாள். ஒன்பது வருடம் சமைத்துப் போட்டவளுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

ஆகஸ்டில் டொரீன் பத்திரிகையில் விளம்பரம் போட்டாள். செப்டெம்பரில் குயின்ஸ்லாந்துக்காரர் போன் பண்ணினார்கள். இந்தச் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மழைமானியில் பதினெட்டு.

உள்ளூராட்சிச் சபையில் இருந்து ஆள் வந்து பாதையை மூடும் பலகையை வைப்பதற்குச் சற்று முன், மத்தியானம் ஒரு மணிபோல், வேறு மாநில இலக்கத்தகடு போட்ட ஒரு வாகனம் சேறாடி வந்து நின்றது. அஞ்சலீனா அப்போது பின்னால் அறைகளில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். பாதை மூடினால் வந்தவர்கள் போகமுடியாது. ஆறு அறையும் தேவைப்படும். முன்னால் டொரீன்தான் நின்றாள்.

ஒரு மணித்தியாலம் கழித்து, நாலாம் அறையின் விறாந்தையைத் தாண்டிப் போகும்போது உள்ளே தமிழ் கேட்டது.

“உன்னை யாரு வேண்டாம்னு சொல்லச் சொன்னா? ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்.”

“சாப்பாடு வேணுமான்னு கேட்ட உடனே ‘கொடுங்க’ன்னா நல்லாவா இருக்கும்? மறுபடி கேப்பாங்கன்னு நினைச்சேன்.”

“கேட்டாங்களா?”

“எங்க கேட்டாங்க? ‘ரைட்டோ’ன்னு சொல்லி அடுப்பை அணைச்சிட்டாங்க. நான் சரின்னு சொல்ல வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தம்மா மேசையைத் துடைக்க ஆரம்பிச்சாச்சு.”

“சரி. முறுக்கைச் சாப்பிடு. நாளைக்கும் முறுக்கு. பாதை திறக்கிற வரைக்கும் முறுக்கு.”

அஞ்சலீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் பேப்பர் விரித்து, நடுவில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு இருவர் இருந்தார்கள்.

“மத்தியானம் சாப்பிடேல்லையோ?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் துள்ளி எழும்பினாள். “அய்யோ, தமிழா நீங்க! இங்கயா? ஏங்க, பாருங்க!”

பெயர் ஹரிப்பிரியா. புருசன் பார்த்தசாரதி. மெல்பேர்ணில் பொயிண்ட் குக்கில் வீடு, இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. மழைக்குப் பிறகு பாலைவனத்தில் பூ பூக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு லீவு போட்டு வந்திருந்தார்கள். மழை முடியுமுன் வந்துவிட்டார்கள்.

“அந்தம்மா கோவக்காரங்களா, அக்கா?” என்று ஹரிப்பிரியா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க.”

“கோவமில்லைப் பிள்ளை. இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். உங்கட சொல்லுக்குக் குடுக்கிற மரியாதை அது. திருப்பிக் கேட்டால் உங்களை நம்பேல்லை எண்டு அர்த்தம்.”

“அப்ப எனக்கு வேணும்னா?”

“வேணும் எண்டு சொல்லவேணும்.”

சொல்லிவிட்டு அஞ்சலீனா சிரித்தாள். சிரிப்புப் பாதியில் நின்றது. விரிப்புகளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தன் வாயால் சொன்னது தன் காதில் விழுவதற்குச் சற்று நேரம் எடுத்தது.

“என்னக்கா?”

“ஒண்டுமில்லை. வாங்கோ, சோறும் பருப்பும் வைக்கிறன். முட்டை பொரிக்கவோ?”

“வேண்டாம்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்...” என்று தொடங்கிய ஹரிப்பிரியா நாக்கைக் கடித்தாள். “இல்ல, பொரிங்க. ரெண்டு பேருக்கும். ரெண்டு ரெண்டா.”

வெள்ளிக்கிழமை முழுவதும் மழை தூறியது. பார்த்தசாரதியும் ஹரிப்பிரியாவும் மற்ற மூன்று வாகனக்காரரும் சாப்பாட்டு அறையில் சீட்டு விளையாடினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அஞ்சலீனா ரயர்க் கொட்டகைக்குப் போனாள். றெஜினோல்ட் ஒரு லொறி ரயரின் மேல் குந்தியிருந்து ஆணி தேடிக்கொண்டிருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் ஆணியை விட்டுவிட்டுக் கேட்டான். கேட்டு முடித்ததும் தொடையில் அடித்துச் சிரித்தான்.

“நாலு மாசம்! நாலு மாசமாய் அந்த மனிசியை நீ திட்டின திட்டு! கல்நெஞ்சுக்காரி, நன்றி இல்லாதவள்... கடைசியிலை பாத்தால் நீ வேண்டாம் எண்டனீ, அவ சரி எண்டவ.”

“சிரியாதையுங்கோ. நீங்களும்தானே சொன்னனீங்கள், பொறு, திருப்பிக் கேப்பா எண்டு.”

“நான் உன்ர புருசனெல்லோ, எனக்கு மட்டும் வேற புத்தி வருமோ?” சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். “சரி. போய்ச் சொல்லன். எங்களுக்கு வேணும் எண்டு சொல்லு.”

“நானாய்ப் போய் எப்பிடிக் கேக்கிறது?”

“ஏன், நீ கேளாததோ? இந்த நாட்டிட்டை எவ்வளவைக் கேட்டனீ. கடல்லை நிண்டு கேட்டனீ.”

அவள் கொட்டகை வாசலில் நின்று தூறலைப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை. புகலிடம் கேட்டிருக்கிறாள். விசா கேட்டிருக்கிறாள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், றெஜினோல்டின் இடுப்புக்கு மருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் நிரப்பிக் கேட்டிருக்கிறாள். அதெல்லாம் தேவைகள். இல்லாவிட்டால் வாழமுடியாது என்று நிரூபித்துக் கேட்டவை. ஏன் வேண்டும் என்பதற்குப் பத்துப் பக்கம் எழுதி, கையெழுத்து வைத்து, சாட்சி பிடித்துக் கேட்டவை. இந்த இடம் இல்லாவிட்டால் அவள் செத்துப்போக மாட்டாள். குவேக்கர்ஸ் ஹில்லில் தங்கை இருக்கிறாள், மகள் இருக்கிறாள், வேலை கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமையில் தமிழ்ப் பூசையும் இருக்கும். இது தேவை இல்லை. வெறும் ஆசை. ஆசைப்பட்டதை ஆசை என்று சொல்லி ஒருவரிடம் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. கேட்டு, அந்த ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால் எந்த அலுவலகத்தில் மேன்முறையீடு செய்வது?

“நாளைக்குச் சொல்லுறன்,” என்றாள்.

“நாளைக்குச் சனி. பாதை காய்ஞ்சால் குயின்ஸ்லாந்துக்காரர் வெளிக்கிட்டிடுவினம்.”

“தெரியும்.”

சனிக்கிழமை காலை வானம் வெளித்திருந்தது. மழைக்குப் பிறகு டொரீனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிழக்கே அரைக் கிலோமீற்றரில் பாதை ஒரு தாழ்வான ஓடையைக் கடக்கும். அதுவரை நடந்துபோய், சப்பாத்தின் குதியை மண்ணில் ஊன்றி, முழுப் பாரத்தையும் அதில் போடுவாள். குதி புதைந்தால் இன்னும் இரண்டு நாள். மண் விளிம்பில் வெடித்தால் மறுநாள் திறக்கலாம். அதைத்தான் சபைக்குப் போன் பண்ணிச் சொல்வாள், சபையும் அதை நம்பும். முழங்கால் மோசமான பிறகு அஞ்சலீனா துணைக்குப் போவாள். ஒரு கை பிடிக்க.

ஓடையில் தண்ணீர் வடிந்திருந்தது. டொரீன் அஞ்சலீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குதியை ஊன்றினாள். மண் கொஞ்சம் அமர்ந்து, சுற்றிவர மெல்லியதாக வெடித்தது.

“நாளைக்கு மத்தியானம்,” என்றாள் டொரீன். “அப்ப குயின்ஸ்லாந்துக்காரர் திங்கட்கிழமை வந்திடுவினம்.”

திரும்பி நடக்க அவள் கையை எடுத்தபோது அஞ்சலீனா அசையவில்லை.

“டொரீன். மே மாசம் நீ என்னட்டை ஒண்டு கேட்டனீ.”

“ஓம். நீ வேண்டாம் எண்டனீ.”

“ஓம். எங்கட ஆக்கள் முதல்தரம் வேண்டாம் எண்டுதான் சொல்லுவம். ஓம் எண்டாலும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவம். மரியாதைக்கு. நீ திருப்பிக் கேப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

டொரீன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். “எவ்வளவு காலம்?”

“இண்டுவரைக்கும்.”

“கடவுளே.” சற்று நேரம் ஓடையைப் பார்த்தாள். “உங்கட ஆக்களிட்டை எத்தனை தரம் கேக்கவேணும்?”

“மூண்டு. பெரிய விசயம் எண்டால் நாலு.”

“நாலுதரம் கேக்கிறதுக்குள்ள மாடு செத்துப்போம், ஏஞ்ச்.”

அஞ்சலீனா சிரித்தாள். டொரீன் சிரிக்கவில்லை.

“நீ வந்த முதல் வருசம், ஈஸ்டர்க் கிழமை. ஞாபகம் இருக்கோ?” என்றாள். “பன்னிரண்டு நாள் லீவில்லாமல் வேலை செய்தனீ. பெரிய வெள்ளிக்கும் நிப்பியோ எண்டு கேட்டன். வேண்டாம் எண்டனீ. எனக்கு ஆள் இல்லை, திருப்பியும் கேட்டன். உடனே ஓம் எண்டிட்டாய். பிறகு நான் குசினிக்குள்ள வந்தன். நீ அடுப்புக்கு முன்னாலை நிண்டு, உதடு மட்டும் அசைய, செபம் சொல்லிக்கொண்டு இறைச்சிப் பெற்றிஸ் பொரிச்சுக்கொண்டிருந்தாய். கண்ணாலை தண்ணி ஓடிச்சு. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. உன்ர விசாவுக்கு வேலைக் கடிதம் குடுக்கிறது நான். நான் ரெண்டாம் தரம் கேட்டால் நீ எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுவாய்? அது கேள்வியில்லை, கட்டளை. இனி இந்த மனிசியிட்டை ஒண்டையும் ரெண்டாம் தரம் கேக்கிறதில்லை எண்டு அண்டைக்கு முடிவெடுத்தனான்.”

அஞ்சலீனா அந்த வெள்ளிக்கிழமையை மறந்தே போயிருந்தாள். இப்போது எண்ணெய் வாசத்தோடு அது திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் சொன்ன ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொன்னதல்ல. உண்மையான வேண்டாம். ஒன்பது வருடத்தில் அவள் சொன்ன எத்தனையோ வேண்டாம்களுக்குள் அந்த ஒன்றை இந்த மனிசி எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு வந்த எல்லாவற்றையும் அதைக் கொண்டே அளந்திருக்கிறாள். நான்கு மாதமாகத் தான் திட்டிய ஒவ்வொரு திட்டும் நினைவுக்கு வந்தது. டொரீனின் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் டொரீன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தோளை மட்டும் அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள், பிடித்துக்கொள்ள.

டொரீன் பிடித்துக்கொண்டாள். “நீ வேண்டாம் எண்டபிறகு, இந்த இடத்தை நீ வெறுக்கிறாய் எண்டு நினைச்சன். விசா கிடைச்சும் நிக்கிறது எனக்காகத்தான் எண்டு நினைச்சன். நான் வெளிக்கிட்டால்தான் நீயும் வெளிக்கிடுவாய், உன்னை அவிட்டு விடவேணும் எண்டு...” முடிக்காமல் விட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “குயின்ஸ்லாந்துக்காரருக்கு வந்து பாருங்கோ எண்டுதான் சொன்னனான். தாறன் எண்டு சொல்லேல்லை. ஆனால் சாமான் கட்டியிருப்பினம். அவை வெளிக்கிட முன்னம் நான் போன் பண்ணவேணும். அதுக்கு முன்னம் நீ சொல்லு. நான் கேக்க மாட்டன்.”

மைனாவைப் போன்ற ஒரு பறவை ஓடைச் சேற்றில் தத்திக்கொண்டிருந்தது. அஞ்சலீனா அதைப் பார்த்தாள். பிறகு டொரீனைப் பார்த்து, ஆங்கிலத்தில், நான்கே சொற்களில் சொன்னாள். எனக்கு இந்த இடம் வேணும். அவள் இதுவரை நிரப்பிய எந்தப் படிவத்திலும் இதை எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்ததில்லை.

“ரைட்டோ,” என்றாள் டொரீன்.

பாதி வழி வந்ததும் டொரீன் தொடங்கினாள். இரண்டாம் பம்ப் வெயில் ஏறினால் அடைக்கும். மூன்றாம் அறைக் குளியலறையில் தண்ணீர் பின்பக்கமாக ஓடும். செவ்வாய்க்கிழமை வருவேன் என்று தபால்காரன் பொய் சொல்லுவான். “தெரியும், டொரீன்,” என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள் அஞ்சலீனா. எல்லாமே அவளுக்குத் தெரிந்தவை. ஆனாலும் முதல்தரம் கேட்பது போலக் கேட்டாள்.

டொரீன் போன் பண்ணும்போது அஞ்சலீனா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அப்பால் குரல் கேட்டது. வழக்கத்தைவிட நீளமான வாக்கியங்கள். நடுவில் நிறைய மௌனம். அந்தப் பக்கத்தில் இருந்தவள் ஏசுகிறாள் என்று தெரிந்தது. டொரீன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. மன்னிக்கவேணும், என்னிலைதான் பிழை, மன்னிக்கவேணும். வெளியே வந்தபோது அவளுடைய காது மடல்கள் சிவந்திருந்தன. அஞ்சலீனாவின் சந்தோஷத்தில் ஒரு மூலை அப்போது சுருங்கியது. எங்கேயோ ஒருத்தி கட்டிய பெட்டியைத் திரும்ப அவிழ்க்கிறாள். அந்த மூலை அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். அதை நீவிச் சரிசெய்ய அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் பாதை திறந்தது. பார்த்தசாரதியின் வாகனம் பூவைத் தேடி மேலும் வடக்கே போனது. இரண்டு பக்கமும் தேங்கிக் கிடந்த லொறிகள் வரிசையாக வந்தன. முட்டை முடிந்து, பேக்கன் முடிந்து, றெஜினோல்ட் முழங்கை வரை கறுப்பாகி, ஒருவழியாக நாலு மணிக்கு அவள் ஒரு கதிரையில் இருந்தபோது போன் அடித்தது. புஸ்பராணி.

“என்னக்கா, அங்க மழையாம்? ஜெனோஜா சொன்னவள். பாவம் நீங்கள். அந்த மனிசி இடத்தை விக்கிறாவாம் எண்டனீங்கள், என்ன மாதிரி? இனியாவது விடுவாவோ?”

“அவ எப்பவோ விட்டிட்டா, ராணி. நான்தான் போகேல்லை.”

“விளங்கேல்லை.”

“இடத்தை நாங்கள் எடுக்கிறம். குத்தகைக்கு. நான்தான் கேட்டனான்.”

“அக்கா! ஏன்? ஆர் உங்களை வற்புறுத்தினது?”

“ஒருத்தருமில்லை. எனக்கு இஞ்ச விருப்பம். ஒன்பது வருசமாய் விருப்பம்.”

பின்னணியில் புஸ்பராணியின் வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் ஓடியது. கோபிக்கப் போகிறாள் என்று அஞ்சலீனா நினைத்தாள். ஒன்பது வருடம் இரக்கப்பட்டவளுக்குக் கோபிக்க உரிமை உண்டு. டொரீனைப் போல எழும்பிப் போய் மேசை துடைக்காமல், காத்திருந்தாள்.

“ஒன்பது வருசமாய் நான் உங்களுக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்,” என்றாள் புஸ்பராணி கடைசியில். குரலில் அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை. “எவ்வளவு மெழுகுதிரி!”

“அது வீண்போகேல்லை. பார், கேட்டது கிடைச்சிட்டுது.”

“நான் கேட்டது இதையில்லை!” பிறகு ஒரு பெருமூச்சு. “டிசம்பர் லீவுக்கு நாங்கள் எல்லாரும் வந்தால் படுக்க இடம் இருக்கோ?”

“ஆறு அறை இருக்கு. டிசம்பரிலை நாப்பத்தாறு பாகை அடிக்கும், ஒருத்தரும் இந்தப் பக்கம் வராயினம். தாராளமாய் வாங்கோ.”

“ஏசி இருக்கோ?”

“இருக்கு. உன்ர அத்தான் ரெண்டு அடி அடிச்சால் வேலை செய்யும்.”

வெளியே இருந்து றெஜினோல்ட், “நான் என்னத்தை அடிக்கிறது?” என்று கத்தினான். அஞ்சலீனா கால்களைப் பக்கத்துக் கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தங்கை எந்த அறையில் யார் படுப்பது என்று பிரிக்கத் தொடங்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.